எது நிற்கும், எது போகும்

2022 மார்ச் 2

சீனியர் பேப்பர் போட்டுவிட்டார். இந்த ஆய்வக மென்பொருளை ஆங்குலர்ஜேஎஸ்ஸில் அடியிலிருந்து கட்டியவர் அவர். ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு கூகுள் தந்துவந்த ஆதரவு போன டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ரியாக்டுக்கு மாற்றும் பொறுப்பு காலையில் அவரிடம் இருந்தது, மதியம் என்னிடம் வந்துவிட்டது. எழுதி வைக்காவிட்டால் எதுவும் தலையில் தங்காது.

மார்ச் 4

கே.டி., அதாவது வேலையைக் கைமாற்றிச் சொல்லித்தருவது, தொடங்கியது. எந்த முகவரிக்கு எந்தத் திரை என்று சொல்லும் ரூட் கோப்பைச் சீனியர் திறந்து காட்டினார். நோயாளிப் பட்டியல், நோயாளி விவரம், சோதனை முடிவு என்று ஸ்டேட்டுகள் (ஒவ்வொன்றும் ஒரு திரை) எல்லாம் ஒரே மட்டத்தில், ஒன்றோடொன்று உறவில்லாமல் கிடக்கின்றன. ஆங்குலர்ஜேஎஸ்ஸின் சொந்த ரூட்டரில் ஒரே ஒரு காட்சிக்குத்தான் இடம். ஒன்றுக்குள் ஒன்றை வைக்க வேண்டுமென்றுதான் எல்லோரும் யூஐ-ரூட்டருக்குப் போனார்கள். அதில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்தால் போதும், பின்னது முன்னதன் பிள்ளையாகிவிடும். இங்கே யூஐ-ரூட்டர் இருக்கிறது, ஒரு புள்ளிகூட இல்லை. ஏன் சார் என்று கேட்டேன். “அப்ப மூணு ஸ்க்ரீன்தான்பா இருந்துச்சு” என்றார்.

மார்ச் 5

தூக்கமே இல்லை.

மார்ச் 9

லேபுக்குப் போய் வந்தேன். கவுண்டர் அக்கா என்னை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். பட்டியலில் கீழே கீழே இறங்கி ஒரு பெயரைத் தொடுகிறார், விவரம் திறக்கிறது. பதிந்துவிட்டுத் திரும்பினால் பட்டியல் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குகிறது. அதனால் உள்ளே போகும் முன், மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பிளாஸ்திரியில் வரிசை எண்ணைப் பேனாவால் குறித்துக்கொள்கிறார். திரும்பி வந்ததும் அதைப் பார்த்து வரியைத் தேடுகிறார், எண்ணை அடிக்கிறார், அடுத்ததை எழுதுகிறார். இடம் தீர்ந்தால் புதுப் பிளாஸ்திரி.

“ஏன்க்கா, ஒரு தடவகூட சொல்லலியே?”

“கம்ப்யூட்டர்னா அப்படித்தான்னு நெனச்சேன் தம்பி.”

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

மார்ச் 11

நோயாளி மாறும்போது கண்ணெதிரே எது அப்படியே இருக்க வேண்டும்? பட்டியல். ஆகவே அது பெற்றோர் ரூட். விவரம் அதன் பிள்ளை. அதற்குள் சோதனைகள், பில், பழைய முடிவுகள். பெயரும் வயதும் மேலே நிற்கும், கீழே உள்ளது மட்டும் மாறும். முகவரி: நோயாளிகள்/512/சோதனைகள். ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் திரையில் ஓர் அடுக்கு. ரியாக்ட் ரூட்டர் 6-ல் பெற்றோர் தனக்குள் அவுட்லெட் என்று ஓர் இடம் விட்டுவைக்கிறது, பிள்ளை அங்கே வந்து அமர்கிறது. யாரையும் இன்னும் தொடவில்லை என்றால் அந்த இடத்தை நிரப்புவது இன்டெக்ஸ் ரூட்.

மார்ச் 16

வேலை செய்கிறது! பட்டியலின் அடிவரை போய் நின்றுகொண்டு ஒவ்வொருவராகத் திறந்தேன். பட்டியல் இம்மிகூட அசையவில்லை.

மார்ச் 17

இரவு 11 மணி. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. சோதனைத் தரவில் 512-ஆம் நோயாளிக்கு ஹீமோகுளோபின் 9.2 என்று தட்டிவிட்டு, சேமிக்காமல் 513-ஐத் தொட்டேன். பெயர் மாறியது, வயது மாறியது. பெட்டியில் 9.2 அப்படியே இருந்தது.

எண் மாறினால் யூஐ-ரூட்டர் பிள்ளை ஸ்டேட்டைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டும். ரியாக்ட் ரூட்டரில் ரூட் அதேதான் என்பதால் காம்போனென்ட்டும் அதேதான், எண் மட்டும் புதிது. பட்டியலை நிற்கவைத்த அதே குணம் ஒருவருடைய ரத்த அளவை இன்னொருவர் பெயருக்குக் கீழே நிற்கவைக்கிறது. விவரக் காம்போனென்ட்டுக்கு நோயாளி எண்ணையே கீயாகக் கொடுத்தேன். இனி எண் மாறினால் விவரம் முழுவதும் உதிர்ந்து புதிதாக எழும். சேமிக்காதது ஏதாவது இருந்தால் நகரும் முன் கேட்கவும் வேண்டும். நாளை ஒவ்வோர் அடுக்காக எடுத்து, இது யாருடையது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மார்ச் 22

சீனியரை வழியனுப்பினோம். பிளாஸ்திரியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 24

பழைய முகவரிகள் எல்லாவற்றிலும் ஹேஷ் குறி இருக்கிறது. புதியவற்றில் அது கிடையாது, எல்லாம் ஹிஸ்டரி ஏபிஐ. உள்பக்கத்தில் நின்று ரிஃப்ரெஷ் செய்தால் சர்வர் அந்தப் பாதையைத் தேடி 404 சொல்லும். எந்தப் பாதையைக் கேட்டாலும் இன்டெக்ஸ் பக்கத்தையே கொடு என்று சர்வருக்குச் சொல்லியாயிற்று. டாக்டர்களின் வாட்ஸ்அப்பில் கிடக்கும் பழைய லிங்குகளை நினைத்தால்தான் கவலை. ஹேஷுக்குப் பின்னால் இருப்பதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை, அதனால் சர்வரிலிருந்து திருப்பிவிட வழியில்லை. பக்கம் திறந்ததும் பிரவுசருக்குள்ளேயே பழையதைப் படித்துப் புதியதற்கு அனுப்ப வேண்டும். முகவரிகளை மாற்றக் கூடாது என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே வாதாடியிருக்கிறார். ஒரு டாக்டருக்குக்கூட வெற்றுப் பக்கம் வரக் கூடாது.

மார்ச் 30

பிரின்ட் பக்கம் முகவரியில் நோயாளிக்குக் கீழே வருகிறது. தாளில் பட்டியல் வரக் கூடாது என்பதால் திரையில் அந்தப் பக்கத்தைப் பட்டியலுக்கு வெளியே எடுத்து வைத்தேன். சாய்கோட்டுக்கு ஓர் அடுக்கு என்று 11-ஆம் தேதி எழுதியது பாதிதான் சரி.

ஏப்ரல் 4

அக்கா போன் செய்தார். “தேடுன பேரு, ரிஃப்ரெஷ் பண்ணா போயிடுது தம்பி.”

முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வைத்தால் நிற்கும். தேதியும் சோதனை வகையும் அங்கே இருப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அவர் தேடுவது பெயரும் போன் நம்பரும். அவை பிரவுசர் ஹிஸ்டரியிலும் சர்வர் பதிவுகளிலும் போய் உட்காரும், ஷிப்ட் மாறி வருகிற எல்லோருக்கும் அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். டேப் மூடும்வரை பிரவுசருக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அப்போது அடுத்து உட்காருகிறவர் அதே டேபில் வேலை செய்தால்? முடிவுக்கு வர முடியவில்லை. அவர் எப்போதெல்லாம் ரிஃப்ரெஷ் செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்று நாளை போய்ப் பார்க்க வேண்டும்.