ஜான்டியின் பூர்வீகம்

கொரிய நாடகங்களைப் புதுயுகம் தொலைக்காட்சி தமிழில் டப் செய்து ஒளிபரப்பிய நாட்களில் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ பார்த்தவர்களுக்குக் கும் ஜான்டியைத் தெரியும். சலவைக் கடைக்காரரின் மகள். ஷின்ஹ்வா என்ற பெரும்பணக்காரப் பள்ளிக்குத் துணி கொடுக்கப் போனவள், மொட்டை மாடியிலிருந்து குதிக்க நின்ற ஒரு மாணவனைக் காப்பாற்றுகிறாள். பிறகு அந்தப் பள்ளியிலேயே அவளுக்கு இடம் கிடைக்கிறது. அங்கே ‘எஃப்4’ என்று நான்கு பையன்கள். அவர்களின் தலைவன் கு ஜுன்-பியோ யாருக்குச் சிவப்பு அட்டை கொடுக்கிறானோ, அவரைப் பள்ளி முழுவதும் சேர்ந்து துரத்தித் துரத்தி வதைக்கும். ஜான்டிக்கும் அட்டை வருகிறது. அவள் எகிறி ஓர் உதை விடுகிறாள். உதை வாங்கியவன் அவளையே காதலிக்கத் தொடங்குகிறான்.

2009 ஜனவரியில் கேபிஎஸ் 2 அலைவரிசையில் தொடங்கி 25 எபிசோட் ஓடிய அந்தத் தொடர், ஜுன்-பியோவாக நடித்த லீ மின்-ஹோவை ஆசியா முழுக்கக் கொண்டு சேர்த்தது. எனக்கோ அவரைவிட அந்தப் பெண்மேல்தான் கண். அதற்குப் பிறகு பார்த்த நாடகங்களில் எல்லாம் வேறு பெயரில் அவளே வந்துகொண்டிருந்தாள். ‘சீக்ரெட் கார்டன்’ தொடரில் சினிமாச் சண்டைக் கலைஞர். ‘தி ஹெயர்ஸ்’ தொடரில் மாளிகையில் வீட்டு வேலை பார்க்கும் அம்மாவின் மகள். பகுதி நேர வேலைகள் இருக்கும், குடும்பத்துக்குப் பணக் கஷ்டம் இருக்கும், வயிறாரச் சாப்பிடுவாள், நாலு பேர் முன்னால் அழமாட்டாள். பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் அவளிடம் தோற்பான். இத்தனை பேரும் ஒரே சாயலில் இருந்தால் எங்கோ ஒரு பாட்டி இருந்தாக வேண்டுமே! அந்தப் பாட்டியைத் தேடித்தான் கிளம்பினேன்.

முதல் படி சுலபம், டைட்டிலிலேயே இருந்தது. மூலக்கதை காமியோ யோகோ என்ற ஜப்பானியப் பெண்மணியின் ‘ஹனா யோரி டாங்கோ’ என்ற மங்கா, அதாவது சித்திரக்கதை. ‘மார்கரெட்’ என்ற சிறுமியர் இதழில் 1992-ல் தொடங்கி, பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து, ஐந்து கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்ற கதை. ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சி இதை 2005-ல் ஒன்பது எபிசோடில் எடுத்தது. நாயகி மகினோ ட்சுகுஷியாக இனோவே மாவோ, பணக்காரப் பிள்ளை தோம்யோஜியாக மட்சுமோட்டோ ஜுன். 2007-ல் இரண்டாம் பாகம், 2008-ல் திரைப்படம். கொரியத் தொடரின் காட்சிகள் நினைவில் இருக்கும்போதே ஜப்பானியத் தொடரையும் பார்த்து முடித்தேன்.

என்னை நிறுத்தியது ஒரு சின்ன வித்தியாசம். அந்தப் பெண் அந்தப் பள்ளியில் ஏன் இருக்கிறாள்? ஜப்பானியக் கதையில் அது பெற்றோரின் ஆசை. அப்பா சாதாரணச் சம்பளக்காரர். மகள் பணக்காரப் பிள்ளைகளோடு படித்தால் நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுவாள் என்று வீட்டில் எல்லோரும் வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டுகிறார்கள். ட்சுகுஷிக்கு அந்தப் பள்ளியே வேண்டாம். யார் கண்ணிலும் படாமல் படித்து முடித்துவிட்டுப் போனால் போதும். கொரியக் கதையில் அது நிறுவனத்தின் கணக்கு. ஷின்ஹ்வா பள்ளி, அதே பெயர் கொண்ட பெருநிறுவனத்துக்குச் சொந்தம். அங்கே ஒரு மாணவன் சாகத் துணிந்த செய்தி வெளியே தெரிந்து மக்கள் கொதிக்கிறார்கள். கொதிப்பை அடக்க, அவனைக் காப்பாற்றிய ஏழைப் பெண்ணுக்கு நீச்சல் வீராங்கனை என்ற பேரில் உதவித்தொகை கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்கிறார்கள்.

திரைக்கதை எழுதிய யூன் ஜி-ரியான் செய்த இந்த மாற்றம், இந்தக் கதையின் நெடும்பயணத்திலேயே கூர்மையானது என்பேன். குடும்பங்களின் கையில் இருக்கும் பெருநிறுவனங்களைக் கொரியர்கள் ‘சேபோல்’ என்பார்கள். 1997 பொருளாதார நெருக்கடியில் அவற்றில் சில கவிழ்ந்தன. வேலை இழந்தது சாதாரண மக்கள். நின்றவை இன்னும் பெரிதாக வளர்ந்தன. அந்தக் காயம் ஆறாத சமூகத்துக்கு, ஏழைப் பெண் பணக்காரப் பள்ளிக்குள் நுழைய அம்மா அப்பாவின் ஆசை என்ற காரணம் போதாது. அவளை உள்ளே விட்டதே ஒரு விளம்பரம் என்று சொன்னால்தான் நம்புவார்கள். முதல் எபிசோடிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்.

அப்படித் தொடங்கியவர்கள் அதைக் கைவிட்டதுதான் என் மனக்குறை. நியூ கலிடோனியா, மக்காவ் என்று ஊர் ஊராகப் போய், நினைவு தப்பி, நினைவு திரும்பி, 25 எபிசோடு வரை இழுத்துவிட்டார்கள். ஜப்பானியத் தொடரில் வீண் காட்சி குறைவு. இனோவே மாவோவின் கோபம் களைப்பிலிருந்து வருகிறது. நாள் முழுக்கப் படித்து, மாலையில் கடையில் வேலை பார்த்து, வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பணப் பேச்சு என்று இருக்கும் பெண் எப்படி வெடிப்பாளோ அப்படி வெடிக்கிறாள். ஜான்டியாக வரும் கு ஹே-சன் கண்ணை அகல விரித்து நடிக்கும் இடங்களில் இந்தக் களைப்பு எனக்குத் தெரியவில்லை. ஆனால் வருங்கால மாமியாரை எடுத்துக்கொண்டால் கொரியா முந்திவிடுகிறது. ஜப்பானில் காகா மரிகோ நடித்த அம்மா, உயரத்திலிருந்து சலித்துப் பார்க்கும் சீமாட்டி. கொரியாவில் லீ ஹே-யங் நடித்த அம்மா, நிறுவனமே பெண்ணுருவம் எடுத்து வந்தது போல இருப்பார். ஒருவர் வேலையையும், குடியிருக்கும் இடத்தையும், தோழியின் வீட்டுப் பிழைப்பையும் பறிக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும்.

இரண்டிலும் மாறாமல் இருப்பது உப்பு. பணத்தைக் கொடுத்து மகனை விட்டு விலகச் சொல்ல வரும் அந்தச் சீமாட்டியின் தலையில், பெண்ணின் அம்மா உப்பை அள்ளிக் கொட்டுகிறாள். உப்பைத் தூவித் தீட்டையும் கெட்டதையும் விரட்டுவது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம், அதனால் காட்சி கடல் கடந்தும் அப்படியே நின்றது. அதுவரை பணக்காரச் சம்பந்தத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்த அம்மா செய்கிற காரியம் இது என்பதால்தான் அதற்கு அத்தனை வலு.

நடுவில் தைவானும் உண்டு. உண்மையில் இந்தக் கதையை ஆசியக் கதையாக்கியது 2001-ல் அங்கே வந்த ‘மீட்டியோர் கார்டன்’ தொடர்தான். படப்பிடிப்பு எளிமையானது, ஆனால் பார்பி ஷுவின் நாயகி மற்ற இருவரையும்விட முரட்டுத்தனமானவள், எனக்குப் பிடித்தவள். சீனாவில் அரசு அதன் ஒளிபரப்பை நிறுத்திய பிறகும் மக்கள் குறுந்தகட்டில் பார்த்தார்கள். பார்பி ஷு 2025 பிப்ரவரியில், 48 வயதில், ஜப்பானுக்குப் போன இடத்தில் காய்ச்சல் முற்றி நிமோனியாவில் இறந்தபோது, மூன்று நாட்டு ரசிகர்களும் சேர்ந்து துக்கம் கொண்டாடினார்கள்.

1992 வரை வந்துவிட்டேன். ஆனால் ‘ஹனா யோரி டாங்கோ’ பாட்டி அல்ல, அம்மா. பாட்டியைக் காட்டிக் கொடுத்தவர்கள் கொரியர்களே. ஏழையாகவும் துறுதுறுப்பாகவும் இருக்கும் இந்த நாயகி வகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கேன்டி’. விமர்சகர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது ‘கேன்டி கேன்டி’ என்ற ஜப்பானிய மங்காவின் நாயகி பெயர். மிசுகி கியோகோ கதை எழுத, இகராஷி யுமிகோ படம் வரைய, ‘நகயோஷி’ இதழில் 1975 முதல் 1979 வரை வந்தது. டோயி நிறுவனம் அதை 115 எபிசோட் அனிமேவாக எடுத்தது.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுதலையான பிறகு தென் கொரியா ஜப்பானியத் திரைப்படத்தையும் பாட்டையும் நாடகத்தையும் பல பத்தாண்டுகள் உள்ளே விடவில்லை. 1998 அக்டோபரில் கிம் டே-ஜுங் அரசுதான் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் தொடங்கியது. ஜப்பானிய நாடகங்கள் கேபிள் தொலைக்காட்சிக்கு வர 2004 ஆனது. அப்படியிருக்க கேன்டி எப்படிக் கொரிய வீடுகளுக்குள் போனாள்? கார்ட்டூன் வழியாக. குழந்தைகளுக்கான அனிமேக்கள் ஜப்பானிய அடையாளம் நீக்கி, கொரியக் குரலில், கொரியப் பாட்டோடு ஒளிபரப்பாகின. கேன்டியில் நீக்குவதற்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கதை நடப்பது அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையிலும் லண்டனிலும், நாயகி பொன்முடிக்காரி. எம்பிசி தொலைக்காட்சியில் அதைப் பார்த்து வளர்ந்த சிறுமிகள்தான் பிற்பாடு நாடகம் எழுதவும் பார்க்கவும் வந்த தலைமுறை.

கேன்டியைக் கண்ணால் பார்ப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கதை எழுதியவருக்கும் படம் வரைந்தவருக்கும் உரிமைத் தகராறு. 1990களின் இறுதியில் நீதிமன்றம் போய், 2001-ல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் கதாசிரியர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் இருவரும் சேர்ந்து சம்மதிக்காமல் எதையும் வெளியிட முடியாது என்ற நிலையில், மங்காவுக்கு மறுபதிப்பு இல்லை, அனிமேவுக்கு மறு ஒளிபரப்பு இல்லை. ஒரு தலைமுறையே கொண்டாடிய படைப்பு இப்படிப் பூட்டிக் கிடப்பது எனக்குப் பெரிய வருத்தம். பிரான்சிலும் இத்தாலியிலும் அவள் மிகப் பிரபலம் என்பதால், அந்த மொழிகளில் பழைய ரசிகர்கள் சேர்த்து வைத்திருந்தவை கைகொடுத்தன. மொழி தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்து கதை சொன்னார்.

கேன்டி அநாதை விடுதியில் வளர்கிறாள். பணக்கார வீட்டுக்குத் துணையாகப் போய் அங்கே வேலைக்காரியாக்கப்படுகிறாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் நீலும் எலைசாவும் செய்யாத கொடுமை இல்லை. பக்கத்து மாளிகையில் அன்பான மூன்று பையன்கள். பிறகு லண்டன் பள்ளியில் டெரி என்ற முரடன். முகம் காட்டாத ஒரு பெரியவர் அவளைத் தத்தெடுத்துப் படிக்க வைக்கிறார். எஃப்4 வரை எல்லாவற்றின் சாயலும் இங்கே இருக்கிறது.

ஆனால் நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. டெரியைக் காப்பாற்றப் போய்க் காலை இழந்த ஒரு நடிகைக்காக, கேன்டி அவனை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறாள். நியூயார்க்கில் பனிக்காலம், மருத்துவமனைப் படிக்கட்டு, இறங்கிப் போகிறவளை அவன் பின்னாலிருந்து கட்டிக்கொள்கிறான். கொரிய நாடகங்களில் நாம் எத்தனையோ முறை பார்த்த அணைப்பு. அங்கே அந்த அணைப்புக்குப் பிறகு எல்லாம் சேர்ந்துவிடும். இங்கே அவள் போயே விடுகிறாள். செவிலியராக வேலை செய்கிறாள்.

கொரியா கேன்டியின் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது என்று அப்போது பட்டது. அழாமல் எதிர்த்து நிற்கும் பாதி அங்கே போனது. விட்டுவிட்டு நடக்கும் பாதி ஜப்பானிலேயே தங்கி, 1991-ல் ஃபுஜி தொலைக்காட்சியின் ‘டோக்கியோ லவ் ஸ்டோரி’யில் அகானா ரிகாவாக வந்தது. சுசுகி ஹொனாமி நடித்த ரிகா அநாதையும் இல்லை, ஏழையும் இல்லை. அலுவலகம் போகும் பெண். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். தான் விரும்புகிறவன் பழைய தோழியை மறக்கவில்லை என்று தெரிந்ததும், அவனுடைய சொந்த ஊரான எஹிமேயில், சொன்ன நேரத்துக்கு முந்தைய ரயிலேறிப் போய்விடுகிறாள். கடைசி எபிசோடை 32.3 சதவீதம் வீடுகள் பார்த்தன. வாரம் ஒன்றாகப் பதினோரு எபிசோடில் முடிந்துவிடும் ஜப்பானிய நாடகத்துக்கு இப்படிப் பிரித்துவிடும் துணிச்சல் உண்டு. வாரம் இரண்டு வீதம், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் எபிசோடுகளோடு நம்மை இரண்டு மாதம் கூடவே வைத்திருக்கும் கொரிய நாடகத்துக்கு அந்த மனசு வராது. எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் மறுபடி பார்க்க உட்காரும்போது கை போவது ஜப்பானியத் தொடருக்குத்தான்.

கேன்டிக்கும் ஒரு தாய் இருந்தாள். அவளைக் காண எந்தப் பூட்டும் இல்லை. உரிமைக்காலம் முடிந்த புத்தகம். ஜீன் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கப் பெண் 1912-ல் எழுதிய ‘டாடி லாங் லெக்ஸ்’. அநாதை விடுதிப் பெண் ஜூடியை முகம் தெரியாத ஒருவர் கல்லூரியில் படிக்க வைக்கிறார். மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகச் சிறுமிகள் படித்த நாவல். காதல் கதை என்று நினைத்துத்தான் திறந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது ஜூடியின் பிடிவாதம். புரவலர் வேண்டாம் என்று தடுத்தும் கல்லூரி தரும் உதவித்தொகையை ஏற்கிறாள். எழுதிச் சம்பாதித்த முதல் பெரும் தொகையை, வாங்கிய கடனுக்கென்று அவருக்கே காசோலையாக அனுப்புகிறாள். சலவைக் கடை வீட்டில் கொட்டிய உப்பு இந்தக் காசோலையின் வாரிசு என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாட்டியும் பூட்டியும் கிடைத்தார்கள். சிவப்பு அட்டை மட்டும் இவர்கள் யாரிடமும் இல்லை. கேன்டியை நீலும் எலைசாவும் வதைத்தார்கள், ஆனால் அவர்கள் வில்லன்கள்; கதை ஒரு நாளும் அவர்களைக் காதலராக்கவில்லை. வதைப்பவனையே காதலனாக்கியது 1992-ன் மங்கா. 1980களின் நடுவிலிருந்து பள்ளிகளில் ஒரு பிள்ளையை எல்லோரும் சேர்ந்து வதைப்பது ஜப்பானில் தேசியப் பிரச்சினையாக இருந்தது, தற்கொலைகள் நடந்தன. காமியோ யோகோ அந்த நிஜத்தைக் கதைக்குள் கொண்டுவந்தார், அது தைரியம். ஆனால் அதற்கு முடிவாகக் காதலை வைத்தார். பின்னால் எடுத்த எல்லா நாடும் அதை அப்படியே வைத்துக்கொண்டது.  எனக்கு இது பொறுக்கவில்லை.

இதற்குப் பதில் கொரியாவிலேயே கிடைத்தது. ‘சீக்ரெட் கார்டன்’, ‘தி ஹெயர்ஸ்’ இரண்டையும் எழுதியவர் கிம் உன்-சுக். 2013-ல் வந்த ‘தி ஹெயர்ஸ்’ தொடரிலும் பணக்காரப் பள்ளி, வதைக்கும் பையன், அவன்மேல் நமக்கு இரக்கம் வரும்படி எழுதப்பட்ட காட்சிகள். அதே கை 2022 டிசம்பரில் ‘தி குளோரி’ கொடுத்தது. சோங் ஹே-க்யோ நடித்த மூன் டோங்-உன் பள்ளியில் சூட்டுக்கோல் போன்ற தலைமுடிக் கருவியால் உடம்பெங்கும் சுடப்பட்டவள். சுட்டவர்கள் யாரும் திருந்திக் காதலிக்க வரவில்லை. அவளுக்கு உப்பு கொட்டும் அம்மா இல்லை. பெற்றவளே பணம் வாங்கிக்கொண்டு கைவிடுகிறாள். படிக்க வைக்கப் புரவலரும் இல்லை. ஆலையில் வேலை செய்துகொண்டே படித்து, தேர்வெழுதி ஆசிரியராகி, தன்னை வதைத்தவளின் மகள் படிக்கும் வகுப்புக்கே போய்ச் சேர்கிறாள். பணக்கார வாரிசு ஒருவன் இங்கேயும் வருகிறான், மருத்துவமனை முதலாளியின் மகன். அவன் அவளைக் கரையேற்ற வருவதில்லை. அவள் போட்ட திட்டத்தில் அவள் சொன்ன வேலையைச் செய்கிறான்.

இரண்டு தொடரையும் பார்க்க நினைப்பவர்கள் ‘தி ஹெயர்ஸ்’ தொடரை முதலில் பார்த்துவிட்டு, இடைவெளி விடாமல் ‘தி குளோரி’ பாருங்கள்.