கொல்லிமலையில் ஒரு நாடிப் பரீட்சை

நாமக்கல்லுக்குள் பிரவேசிக்கும் யாத்திரிகர்களின் கண்ணை முதலில் கவருவது, ஊர் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலையும் அதன் தலைமேலுள்ள கோட்டையுமாகும். காதைக் கவருவது வேறு. லாரிகளுக்குப் ‘பாடி’ கட்டும் பட்டறைகள் இவ்வூரில் மலிந்து கிடக்கின்றன. தகட்டின்மேல் சம்மட்டி விழும் ஓசை, ஆஞ்சநேயர் கோயிலின் மணியோசையைக்கூடச் சில சமயம் விழுங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட ஊரில் வாழ்கிறவர்களுக்குச் சப்த சாஸ்திரத்தை யாரும் போதிக்க வேண்டியதில்லை. தெருக்கோடியில் திரும்பும் லாரியின் உறுமலைக் கேட்டே, அதன் வயிற்றில் என்ன கோளாறு என்று திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்லக் கூடியவர்கள் உண்டு.

நாம் அங்கே போய்ச் சேர்ந்த வாகனம் கிழட்டு ‘புல்லட்’ மோட்டார் சைக்கிள். இந்த வம்சத்தின் பூர்வீகம் இங்கிலாந்திலுள்ள ரெட்டிச். 1955-ம் வருஷத்தில் சென்னையில் இதற்கென்று ஒரு கம்பெனி ஏற்பட்டு, திருவொற்றியூரில் தொழிற்சாலையும் எழுந்தது. பிறந்த வீட்டில் தொழில் நின்றுபோன பின்பும் புகுந்த வீட்டில் நிற்கவில்லை. நம்முடையது வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய ரகம். அந்த இயந்திரத்தை இப்போது செய்வதில்லை. ஒரே சிலிண்டர்தான். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் அதற்குள் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. நிதானமான நடை. ஒவ்வோர் அடியையும் எண்ணிவிடலாம் போலிருக்கும். ஆகையால் அதில் அந்நியமான ஒரு சப்தம் புகுந்தால், சங்கீதக் கச்சேரியில் யாரோ தும்மினதுபோல் உடனே தெரிந்துவிடும்.

அப்படித்தான் ஒரு மாதமாகத் தெரிந்துகொண்டிருந்தது. தகரக் குவளைக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை. எப்போதும் வருவதில்லை, வரும்போது காதில் ஊசியாய்க் குத்தும். நம் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, “பிக் எண்ட் போய்விட்டது சார், இஞ்சினைப் பிளக்க வேண்டும்” என்று தீர்ப்பளித்தார். பிக் எண்ட் என்பது பிஸ்டனைத் தாங்கும் தண்டு, சுழலும் கிராங்குடன் கூடுகிற மூட்டு. அது தேய்ந்திருந்தால் இயந்திரத்தை அக்கக்காகக் கழற்றாமல் விமோசனம் இல்லை. அதற்கு அவர் சொன்ன தொகையோ, நம் பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகைக்குச் சரியாக இருந்தது. பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிடலாம் என்று வீட்டில் யோசனை பிறந்தது. அண்டை வீட்டார் ‘டேப்பெட்’ என்றார். அவருடைய தம்பி ‘செயின்’ என்றார். இயந்திரத்தின் விஷயத்தில் வைத்தியரல்லாதவர் யாருமே நம் நாட்டில் இல்லை போலும்!

கோடை விடுமுறையில் கொல்லிமலை போவதென்று வெகு நாளாக எண்ணம். மைத்துனரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வழியில் நாமக்கல்லில், ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் முதியவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. எண்ணெய் அளவை மட்டும் பார்த்தார். பிறகு நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் நுனியை ஓடும் இயந்திரத்தின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக்கொண்டு கண்ணை மூடினார். 1816-ல் பாரிஸ் நகரத்து வைத்தியர் லென்னெக், காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. நம் முதியவரின் திருப்புளியும் அதே ஜாதிதான்.

“எங்கே சத்தம் வருதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எப்போ வருது, எப்போ நிக்குதுன்னு சொல்லுங்க வாத்தியாரய்யா” என்றார்.

மேட்டில் ஏறும்போது வருகிறது என்று சொன்னோம்.

“நின்ன இடத்துல முறுக்கினா இது வராதுங்க. மலைக்குத்தானே போறீங்க? பார்த்துட்டு வாங்க. கணீர்னு சில்லறை மாதிரி வந்தா உடனே கியரைக் குறைச்சிடுங்க. காலுக்குக் கீழே தொம் தொம்முனு இடிச்சா, அங்கேயே நிறுத்திடுங்க. ஓர் அடி ஓட்டக் கூடாது.”

சேந்தமங்கலம் தாண்டி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரையில் சமதரைச் சாலை. இரு பக்கமும் வயலும் தோப்பும். எதிரே கொல்லிமலை சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனபோது மெல்லிய ‘டிக் டிக்’ ஒன்றைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அந்த ‘டிக் டிக்’ வால்வுகளின் பேச்சு. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் வால்வு ஒரு முறைதான் திறக்கும். எனவே இயந்திரத்தின் தாளத்துக்குப் பாதித் தாளமாக அது ஒலிக்கும். பிக் எண்ட் சத்தமோ சுற்றுக்குச் சுற்று இடிக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தால் இரட்டை உதையாகவும் கேட்கும். நாம் பல முறை விட்டுப் பிடித்துப் பார்த்தோம். உதை ஒன்றும் காணோம். பாதி நிம்மதி ஏற்பட்டது. ஆனாலும் மலை இன்னும் பாக்கி இருந்தது.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அவற்றை எண்ணிக்கொண்டு ஏறுவார்கள். நாம் கேட்டுக்கொண்டு ஏறினோம். மூன்றாவது வளைவைத் தாண்டி, மூன்றாம் கியரில் ஆக்ஸிலேட்டரை நன்றாகத் திறந்தபோது சில்லறை குலுங்கியது. இரண்டாம் கியருக்கு வந்தோம், உடனே நின்றது. அடுத்த மேட்டிலும் அப்படியே. ஆக்ஸிலேட்டரை மூடினால் அந்த க்ஷணமே மௌனம். பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையில் ஒரு பரிசோதனையை மூன்று முறை செய்து காட்டினால் போதும் என்போம். இங்கே மலையே எழுபது முறை செய்து காட்டக் காத்திருந்தது.

முப்பதாவது வளைவுக்கு அருகில் வண்டியை ஆறவிட்டோம். கீழே சமவெளி புகைமூட்டத்தில் மிதந்தது. திடீரென்று இயந்திரத்திலிருந்து ‘டிக்... டிணிக்...’ என்று ஒலிகள். “மாமா, நின்ற பிறகும் சத்தம் போடுகிறதே!” என்று மைத்துனர் பதறினார். சூடேறி விரிந்த இரும்பு குளிர்ந்து சுருங்கும்போது எழும் ஓசை அது. எந்தப் பட்டறைக்கும் போக வேண்டிய வியாதியல்ல.

இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். சிரித்து மயக்கி உயிரைக் கொள்ளும் கொல்லிப்பாவையும் இந்த மலைக்கே உரியவள். மேலே ஏறியதும் காற்று மாறுகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். சரிவுகளில் சாமை விளைகிறது. சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் வாழையும் குவிந்து, அந்த வாசனை சாலை வரையில் வந்து வழியை மறிக்கிறது. அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய்த் தரிசனம் செய்துவிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், ஏறும்போது நம் முழங்கால்களிலிருந்து எழுந்த சப்தத்துக்குத் திருப்புளி வைத்தியம் கிடையாது.

செம்மேட்டில் இரவு தங்கி, மறுநாள் காலை வண்டியைக் கிளப்பினார் மைத்துனர். கிக்கர் திருப்பி உதைத்தது. காலைப் பிடித்துக்கொண்டு அவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேதனை. நமக்கோ, சொல்லக் கூடாதுதான், பெருத்த சந்தோஷம்! துப்பறியும் கதையில் இரண்டாவது சாட்சி அகப்பட்டதுபோல் இருந்தது.

விஷயம் இதுதான். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே தீப்பொறி விழ வேண்டும். கலவை எரிந்து அழுத்தம் ஏறச் சிறிது நேரம் பிடிக்கிறதல்லவா? ஆனால் அது மிகவும் முந்திவிட்டால், பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே எதிர் அழுத்தம் கிளம்பிவிடும். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே அதைத் தள்ளுகிறவனுக்கு என்ன ஆகும்? கையில் அடிபடும். கிக்கர் உதைத்தது அதனால்தான். மலையேற்றத்தில், பாரம் அதிகமாகிச் சுற்று குறையும்போது, எரியாமல் மிஞ்சிய கலவை அந்த அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் தாங்காமல் ஒரே கணத்தில் தானாக வெடிக்கிறது. அந்த அதிர்ச்சியில் சிலிண்டர் மணிபோல் ஒலிக்கிறது. சில்லறை ஓசை என்பது அதுவே. கியரைக் குறைத்தால் பாரம் குறைகிறது, சப்தமும் அடங்குகிறது. அடங்கினால் போதுமென்று இருந்துவிடவும் கூடாது. நாளடைவில் அது பிஸ்டனிலேயே ஓட்டை போட்டுவிடும். நம் ஊர்ப் பட்டறைத் தீர்ப்பை நம்பி இஞ்சினைப் பிளந்து பூட்டியிருந்தால், பணமும் போயிருக்கும். புதுப் பிஸ்டனுக்கும் அதே கதி நேர்ந்திருக்கும்.

இறங்கும்போது இயந்திரத்தை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போகலாம், பெட்ரோல் மிச்சம் என்றார் மைத்துனர். எழுபது வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்புவதற்கு நாம் இசையவில்லை. இரண்டாம் கியரில் இறங்கினோம். சில்லறை ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை.

நாமக்கல் முதியவர் நம் அறிக்கையை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே பாயிண்ட் புதிது. ஒரு மாதத்துக்கு முன் நம் ஊரில் மாற்றியது. இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதில் கிட்டத்தட்ட இரு மடங்கு இருந்தது. இடைவெளி அகன்றால் பாயிண்ட் சீக்கிரம் திறந்துகொள்ளும், தீப்பொறியும் முந்திவிடும். முதலில் இடைவெளியைச் சரிசெய்தார். அப்புறம் சிகரெட் காகிதத் துண்டு ஒன்றைப் பாயிண்டுக்கு நடுவே கொடுத்து, இயந்திரத்தை மெல்லச் சுழற்றி, காகிதம் எந்த இடத்தில் நழுவுகிறது என்று பார்த்துத் தகட்டைத் திருப்பினார். கால் மணி நேர வேலை. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

“அந்த டிக் டிக்?” என்று மைத்துனர் விடாமல் கேட்டார்.

முதியவர் பக்கத்து மூடியைத் திறந்து, வால்வைத் தள்ளும் கம்பிகளை இரண்டு விரலால் உருட்டிக் காட்டினார். தடையின்றிச் சுழன்றன, மேலும் கீழும் ஆட்டம் இல்லை.

“இது இப்படியே இருக்கட்டுங்க. சத்தமே வேண்டாம்னு இறுக்கினா வால்வு முழுசா மூடாது, கருகிப்போயிடும்” என்று சொல்லிவிட்டு, வாசலில் வெகு நேரமாக உறுமிக்கொண்டிருந்த ஒரு லாரியை நோக்கித் திருப்புளியுடன் நடந்தார்.