பேரனும் இரண்டு மில்லிமீட்டர் மனிதர்களும்

நான் வேலை பார்த்த ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் எனக்குப் பேர் 'பிரெஞ்சு'. "பிரெஞ்சைக் கூப்பிடு, அடங்கல் அவர்கிட்டதான் இருக்கு" என்பார்கள். அப்பா பாண்டிச்சேரியில் மளிகைக்கடை வைத்திருந்தார். அதனால் என் பள்ளிக்கூடப் படிப்பு பிரெஞ்சில் அமைந்தது. 1964-ல் கடை நொடித்துச் சொந்த ஊரான கமுதிக்குத் திரும்பினோம். பட்டா மாறுதலுக்கும் சிட்டா நகலுக்கும் பிரெஞ்சு எதற்கு? பேசவும் ஆளில்லை. குண்டாற்றங்கரையில் இருக்கிற நம்மூர்க் கோட்டையை பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரின் துணையோடு சேதுபதி மன்னர் கட்டினார் என்று சொல்வார்கள். அந்த ஆளுக்கு அப்புறம் இந்த ஊரில் பிரெஞ்சு தெரிந்தவன் நான்தான் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பேன். அவ்வளவுதான் அதற்கு உபயோகம்.

அம்மா வழி உறவெல்லாம் பாண்டிக்காரர்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் தாய்மாமன் எழுதிக் கொடுத்தார். பின்னால் அவருடைய பேரனுக்கே என் மகளைக் கொடுத்தோம். மகள் பாரீஸ் பக்கம் போய்விட்டாள். அங்கே 2000-த்தில் பேரன் பிறந்தான்.

2008-ல் அங்கே கோடை விடுமுறை, இங்கே ஆடிக்காற்று. பையனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மகள் ஒரு வாரத்தில் திரும்பினாள். போகும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பா, அவனுக்குத் தமிழ் வரணும். அதுக்குத்தான் ரெண்டு மாசம் விட்டுட்டுப் போறேன். நீங்க பிரெஞ்சு பேசிராதீங்க." சரி என்று தலையாட்டினேன். என் மனைவிக்குத்தான் கொண்டாட்டம். பேரனுக்குப் பணியாரம் சுட்டுக் கதை சொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவள்.

முதல் பத்து நாள் பையன் வாயே திறக்கவில்லை. "சாப்பிடுறியா?" என்றால் தலையாட்டுவான். "அம்மாச்சிகிட்ட வா ராசா" என்றால் வந்து உட்காருவான், சிறிது நேரத்தில் எழுந்து போய்விடுவான். வெயில், கரண்ட் கட், கொசு. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கையோடு ஒரு மடிக்கணினியும் ஒரு விளையாட்டுத் தட்டும் கொண்டுவந்திருந்தான். கரண்ட் இருக்கும்போது கூடத்து மூலையில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கண்ணைக் கெடுக்கிற சனியன் என்று நானும் ஒன்றிரண்டு தடவை அதட்டினேன்.

ஒரு மத்தியானம் ஈஸிசேரில் படுத்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து யாரோ பிரெஞ்சில் பேசுகிறார்கள்! அரைத்தூக்கத்தில், பழைய வகுப்பறையில் ஆசிரியர் டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பின்னால் நின்றேன். திரையில் வந்த ஒரு வரி பையனுக்கு விளங்கவில்லை போல, அப்படியே முழித்துக்கொண்டிருந்தான். நான் அதை உரக்கப் படித்து, என்ன செய்யச் சொல்கிறது என்று பிரெஞ்சிலேயே சொன்னேன். அவன் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "தாத்தா, நீ பேசுவியா?" என்று பிரெஞ்சில் கேட்டான். தாத்தாவுக்கு பிரெஞ்சு தெரியும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

மகளுக்குக் கொடுத்த வாக்கு அன்றோடு போயிற்று.

அந்த விளையாட்டு 'ஆர்த்யூரும் மினிமாய்களும்' என்ற படத்தை வைத்துச் செய்தது. லுக் பெஸ்ஸோன் என்ற பிரெஞ்சு டைரக்டர் முதலில் குழந்தைகளுக்கான நாவலாக எழுதி, பிறகு அவரே 2006-ல் படமாக எடுத்தார். பாதி நிஜ நடிகர்கள், பாதி கணினியில் வரைந்த உருவங்கள். ஆர்த்யூர் பத்து வயதுப் பையன், பாட்டி வீட்டில் இருக்கிறான். தாத்தா எங்கோ போனவர் திரும்பவில்லை. கடன் பாக்கிக்காக வீட்டைப் பிடுங்க ஒருவன் வந்து நிற்கிறான். வீட்டுத் தோட்டத்துக்கு அடியில் மாணிக்கக் கற்களைத் தாத்தா புதைத்து வைத்திருக்கிறார். அவற்றை எடுத்தால் கடன் தீரும். தோட்டத்து மண்ணுக்குள் இரண்டு மில்லிமீட்டர் உயர மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்கள்தான் மினிமாய்கள். ஒரு பௌர்ணமி இரவில் தொலைநோக்கி வழியாகப் பையனும் அந்த அளவுக்குச் சுருங்கி உள்ளே போகிறான். மல்தசார் என்று ஒரு கொடியவன் இருக்கிறான், அவன் பெயரை உச்சரிக்கவே கூடாது. தொலைந்த தாத்தாவும் அவன் சிறையில்தான் கிடக்கிறார்.

படம் பார்த்த பிள்ளைகள் விளையாட்டில் அந்த உலகத்துக்குள் தாங்களே நடக்கலாம். ஆர்த்யூர், இளவரசி செலேனியா, அவள் தம்பி பெத்தாமேஷ் என்று மூன்று பேர். ஒருவனால் முடியாததை இன்னொருவன் செய்வான், ஆளை மாற்றி மாற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கே யாரை நிறுத்துவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. வெறும் அடிதடி என்று நான் நினைத்தது தப்பு. பல்லாங்குழியில் எந்தக் குழியிலிருந்து எடுப்பது என்று யோசிக்கிறோமே, அதைப்போல யோசனை இதிலும் இருந்தது. குதித்துத் தாவுகிற இடங்களில் என் விரல் ஓடாது. யோசனை நான் சொல்வேன், விரல் அவனுடையது.

செய்தவர்கள் லியோன் நகரப் பக்கத்து நிறுவனம், பெயர் 'எத்ராஞ்ஜ் லிபெல்லூல்'. விசித்திரத் தட்டான்கள் என்று அர்த்தம். ஆஸ்டெரிக்ஸ் விளையாட்டுகளும் அவர்கள் செய்ததுதான். ஒரு சாயங்காலம் கொல்லையில் தட்டான் கூட்டமாகப் பறந்தபோது பையன் ஓடிவந்து, "தாத்தா, லிபெல்லூல்!" என்று கத்தினான். "தட்டான்" என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அந்த இரண்டு மாதத்தில் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த தமிழ் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. நாற்பது வருஷம் வாய்க்குள் கிடந்த பாஷை. பையன் எட்டு வயதுப் பிரெஞ்சு பேசுகிறான், நான் 1960-ஆம் வருஷப் பாடப்புத்தகப் பிரெஞ்சு பேசுகிறேன். என் பேச்சைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். கரண்ட் போனால் 'பாதாள பைரவி' கதையைப் பிரெஞ்சில் சொன்னேன். அதிலும் தோட்டக்காரன் மகன் பாதாளத்துக்குப் போகிறானே! மந்திரவாதியாக வந்த ரங்காராவைப் போலக் குரலை மாற்றிப் பேசிக் காட்டினேன். மல்தசாரைவிட நம்ம ஆள்தான் பயங்கரம் என்று பையன் ஒப்புக்கொண்டான்.

பின்னால் நம் கோச்சடையானுக்கும் பாகுபலிக்கும்கூட செல்போன் விளையாட்டு வந்தது. அப்போது இதெல்லாம் எனக்குப் புதுசு.

என் மனைவி அடுப்படி வாசலில் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு காய் நறுக்கியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டாள். "என்னத்தையோ சொல்லிச் சிரிக்கிறீக. எனக்கும் சொன்னா என்ன?" சொன்னேன். பெயர்ச்சொல்லில் ஆண்பால் பெண்பால் தப்பினால் வருகிற சிரிப்பை எப்படித் தமிழில் சொல்வது? பாதியில் விட்டுவிட்டு, "அது உனக்குப் புரியாது" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து அவளும் வந்து பையனுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் நான் "ஸோத்! ஸோத்!" என்று கத்துவேன். குதி என்று அர்த்தம். அதைப் பிடித்துக்கொண்டாள். பள்ளத்துக்குப் பள்ளம், "ஸோத்து ராசா, ஸோத்து!" என்பாள். ஆர்த்யூர் விழுந்துவிட்டால், "அய்யய்ய, இந்தப் பிள்ளைக்கு யாரும் சோறு போடலையா?" என்பாள். பையனுக்கு அர்த்தம் தெரியாது, ஆனாலும் சிரிப்பான். அவள் அவனிடம் பேசி அவன் பதில் சொன்னதென்றால், பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையில்தான்.

ஆகஸ்ட் கடைசியில் மகள் வந்தாள். "தமிழ்ல ஏதாவது சொல்லு பாப்போம்" என்றாள். பையன் யோசித்து, "தட்டான்" என்றான். பிறகு, "அம்மாச்சி, பணியாரம்." அவ்வளவுதான். மகள் என்னைப் பார்த்தாள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அந்தப் படத்தை முழுசாக நான் பார்த்தது வெகுநாள் கழித்துத்தான். 2019-ல் மனைவி போன பிறகு, மகள் அனுப்பிப் பார்த்தேன். பையன் மண்ணுக்கடியில் சாகசம் செய்துகொண்டிருக்கும்போது பாட்டி மேலே தனியாக வீட்டில் இருக்கிறாள். புருஷனையும் காணோம், பேரனையும் காணோம், வாசலில் கடன்காரன். விளையாட்டில் அந்தப் பாட்டியைக் கையில் எடுத்து நடத்த முடியாது, மூன்று பேரில் அவள் இல்லை. படத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தட்டான் கம்பெனி 2012-ல் மூடிவிட்டதாம். பேரன் தன் விளையாட்டுத் தட்டை இங்கேயே விட்டுப் போயிருந்தான். பீரோவில், பாட்டியின் கண்ணாடிக் கூட்டோடு கிடக்கிறது. போன மாதம் எதிர்வீட்டுப் பையனின் கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்றால், இந்தக் காலத்துக் கணினியில் தட்டு போடுகிற இடமே இல்லை.

பேரனிடம் வீடியோவில் பேசும்போது இதைச் சொன்னேன். இப்போது வேலைக்குப் போகிறான், தாடி வைத்திருக்கிறான். யாரோ அந்த விளையாட்டை ஆடிப் பதிவு செய்து யூடியூபில் போட்டிருக்கிறார்கள் என்று தேடி எடுத்துத் திரையில் காட்டினான். இரண்டு பேரும் பேசாமல் பார்த்தோம். ஒரு பள்ளம் வந்தது. அவன்தான் முதலில் சொன்னான், அவள் இழுக்கிற அதே இழுப்போடு: "ஸோத்து ராசா, ஸோத்து."