கரை வேறு, உடல் வேறு

பட்டுப்புடவை எடுத்த மறுநாளே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் ஒரு மேட்சிங் சென்டருக்குப் போய்விடுவார். சுவர் முழுக்க டூ பை டூ ரூபியா துணி அடுக்கியிருக்கும். அரக்கில் மட்டுமே பத்துப் பன்னிரண்டு சாயல். கடைப் பையன் நாலைந்தை உருவிப் புடவை மேல் போடுவான். ட்யூப்லைட்டில் அச்சாகப் பொருந்திய துணி, வாசலுக்கு வந்தால் வேறு நிறமாகிவிடும். பட்டில் ஏறிய சாயமும் பருத்தியில் ஏறிய சாயமும் எல்லா வெளிச்சத்திலும் ஒன்றுபோலத் தெரியாது. “வெளிச்சத்துல பாருங்கக்கா” என்று அவனே புடவையோடு படியிறங்கிவிடுவான். அம்மா வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கி, “இன்னும் ஒரு நூல் கம்மியா இருக்கணும்பா” என்பார். புடவை எங்கே முடிகிறது, ரவிக்கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவே கூடாது. அம்மாவின் அழகுக் கணக்கு அதுதான். நானும் முப்பது வயது வரை அந்தக் கணக்கிலேயே உடுத்தினேன்.

சித்தி மகள் கல்யாணத்தில் அது கலைந்தது. விடியற்காலை முகூர்த்தம். மண்டபத்து அறையில் நாலு மணிக்குப் பையைத் திறந்து, புதிதாகத் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தால் கை ஏறவில்லை. தையல் கடையில் அக்குளை இறுக்கி வெட்டியிருந்தார்கள்; பிரித்துவிடத் துணியும் உள்ளே விடவில்லை. என்னிடம் இருந்தது, ரயிலில் போட்டுவந்த சாம்பல் நீலக் கட்டம் போட்ட கைத்தறி ரவிக்கை ஒன்றுதான். அரக்குப் புடவை, மாம்பழ மஞ்சள் கரை, மேலே அந்தச் சாம்பல் நீலம். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

கை கழுவுமிடத்தில் இருந்த பெரிய கண்ணாடியில்தான் என்னை முழுதாகப் பார்த்தேன். நாலு வருடமாகக் கட்டிவரும் புடவை அது. அதன் கரை அவ்வளவு மஞ்சளாக இருந்தது அன்றுதான் கண்ணில் பட்டது. அடங்கிய நீலம் பக்கத்தில் வந்து நின்றதும் மஞ்சள் எழுந்து நின்றது. ரவிக்கையின் கட்டத்தில் ஓடிய ஒற்றை மஞ்சள் இழையும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு துணிக்கும் நடுவே இருந்த ஒரே உறவு அந்த இழை.

பிறகு ஒருமுறை காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் தறி முன்னால் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடல் வாடாமல்லி, கரை கிளிப்பச்சை. இதற்குத் தறியில் ஒருவர் போதாது. ஓரத்து நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் வேண்டும். இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா, உடலுக்கு ஒன்று, ஆக மூன்று. உடலின் ஊடை கரையின் ஊடையைச் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் இதே வேலை. முந்தானைக்கு வேறு நிறம் என்றால் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிறார்கள். புடவையைத் திருப்பிக் காட்டினார்கள். கரை சேருமிடத்தைத் தடவினால் விரலில் சொரசொரவென்று படுகிறது. புடவை கிழிந்தாலும் இந்த இடம் பிரியாது என்றார் நெசவாளர் வீட்டு அம்மா. இத்தனை சிரமமும் எதற்கு? வாடாமல்லி வாடாமல்லியாகவும் பச்சை பச்சையாகவும், ஒன்றில் ஒன்று கலங்காமல் நிற்பதற்கு. இப்படி நெய்த புடவையை வாங்கிவந்து, உடலோடு கரைந்துபோகும்படி ரவிக்கை தேடி நான் கடை கடையாக ஏறியிருக்கிறேன்.

1936-இல் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி அடுத்த ஆண்டே அங்கே தறி போட ஏற்பாடு செய்தார். பழைய புடவைகளின் அகலக் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் தேடியெடுத்து மறுபடி நெய்யவைத்தார். கலாக்ஷேத்ரா புடவை என்று இன்று நாம் அடையாளம் சொல்வதே அந்த எதிர் நிறக் கரையை வைத்துத்தான்.

என் அப்பத்தாவுக்குத் தேவகோட்டைப் பக்கம். கண்டாங்கிதான் கட்டுவார். செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டமாக ஓடும் தடித்த பருத்தி. மேலே பூப்போட்ட சீட்டி ரவிக்கை. கட்டமும் பூவும் சேருமா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை. துணி கையில் எப்படி விழுகிறது என்று மட்டும் பார்ப்பார்.

ஆண்களின் உடுப்பைப் பாருங்கள். வேட்டி ஒரு தையலும் இல்லாத துணி. சட்டையோ காலர், பட்டன், கஃப் என்று தையலாலேயே ஆனது. வேறு ஊரிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே உடம்பில் எப்போதோ சேர்ந்துகொண்டன. வேட்டிக்கு மேல் கோட்டும் தலையில் முண்டாசுமாகப் பாரதியார் நிற்கும் படத்தில் இதைவிடப் பெரிய கலப்பு இருக்கிறது. நமக்கு அது கலப்பாகவே தோன்றாது, பாரதியாகத்தான் தோன்றும். ஒருவர் ஒன்றைத் தனக்கென்று நாள்தோறும் உடுத்தினால் இதுதான் நடக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

நான் கைப்பழக்கத்தில் கற்றது கொஞ்சம்தான். நிறத்தைவிடக் கனம் முக்கியம். கனத்த பட்டின் கீழே தடித்த லினன் சட்டையைப் போட்டால் தோளில் மடிப்பு நிற்காது, புடைத்துக்கொள்ளும். அதே பட்டுக்கு மெல்லிய மல் துணி ரவிக்கை சொன்னபடி கேட்கும். சுங்குடிப் புள்ளிக்குக் கோடு சேரும், பெரிய பூ சேராது. வாடாமல்லி குர்தாவுக்குக் கிளிப்பச்சை பேண்ட் போட்டுப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் உயிராக இருந்த சேர்க்கை என் மேல் இரைச்சலாகிவிட்டது. கரை ஒரு சாண். குர்தாவும் பேண்ட்டும் பாதிப் பாதி. அளவு மாறினால் அதே இரண்டு நிறமும் சண்டைக்காரர்கள்.

அப்பத்தாவின் கண்டாங்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. போன பொங்கலுக்கு அதைக் கட்டினேன். அப்பாவின் பழைய வெள்ளைப் பாப்ளின் சட்டையைப் பிரித்து, காலரை அப்படியே வைத்து ரவிக்கையாகத் தைத்திருந்தேன். அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அருகில் வந்து தோள் மடிப்பை நீவி, தன் வளையலில் கிடந்த ஊக்கை எடுத்துக் குத்திவிட்டார். காலரை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தன் மயில்கழுத்துப் பட்டை ஒரு கையிலும், எப்போதோ வாங்கிய துரு நிறக் கட்டத் துணியை மறு கையிலும் வைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தார்.

“இது ரெண்டும் சேருமாடி?” என்றார். நான் பதில் சொல்வதற்குள், இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு நடந்தார்.