ஒண்டிக்கடையில் ஒரு குதிரை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, 'வயிற்றில் இருப்பது வயிற்றிலேயே இருக்கவேண்டுமே' என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு ஏற்காட்டில் வந்து இறங்குகிறீர்கள். கொஞ்ச தூரத்தில் ஒண்டிக்கடை ரவுண்டானா. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். எந்தக் காலத்திலோ ஒற்றைக் கடை இருந்திருக்கலாம். இப்போது மிளகாய் பஜ்ஜியும் காப்பித் தூளும் மிளகுமாக மணம் மூக்கைத் துளைக்கிறது.

என்னோடு வந்த அண்ணன் மகளுக்கு எட்டு வயது. அவளுக்குப் பஜ்ஜி வேண்டாம், ஏரியும் வேண்டாம். ஓரமாக நின்ற செவலைக் குதிரைதான் வேண்டும். "அத்தை, ஒரே ஒரு சுற்று!"

இந்த மலைக்குக் குதிரை புதிதல்ல. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைப் பயிரிட்ட நாளில் மோட்டார் ஏது, பஸ் ஏது? துரைமார் குதிரைமேல் ஏறித்தான் வந்தார்கள். ஆனால் எனக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்கு நாலு கால் என்பதுதான். பிறத்தியார் குழந்தையை எதை நம்பி ஏற்றுவது? குதிரைக்காரப் பெரியவரையே கேட்டுவிட்டேன்.

"மூஞ்சி அழகைப் பாத்து ஏமாந்துடாதீங்கம்மா. வீடு வாங்கறவங்க அஸ்திவாரத்தைப் பாக்கறாப்பல, கீழேயிருந்து பாருங்க" என்றார்.

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். குதிரைக்கு நேர் எதிரே நின்று, அதன் தோள் முனையிலிருந்து கொத்தனார் தூக்குக் குண்டு விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூல் முழங்காலின் நடுவையும் குளம்பின் நடுவையும் தொட்டுக்கொண்டு இறங்கவேண்டும். உடல் பாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு முன்னங்கால்கள் மேல்தான் விழுகிறது. அங்கே கோணல் இருந்தால் நாளடைவில் நொண்டும். அப்புறம் பக்கவாட்டில் வாருங்கள். குளம்புக்கு மேலே இருக்கும் கணுவின் சரிவும், குளம்பின் சரிவும் ஒன்றாக இருக்கவேண்டும். கணு செங்குத்தாக நின்றால், வில் இல்லாத கட்டை வண்டியில் போவதுபோல ஒவ்வோர் அடியும் உங்கள் இடுப்பில் வந்து இடிக்கும்!

பெரியவர் இந்தக் குதிரையை அந்தியூர்ச் சந்தையில் வாங்கினாராம். ஆடி மாதம் குருநாதசுவாமி திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை அது. அங்கே குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்க்காமல் பேரம் பேசமாட்டார்கள். "நானும் சுழி பாத்துத்தான் வாங்கினேன். ஆனா சுழியா மலை ஏறுது?" என்று சிரித்தார்.

குழந்தை சினிமாவில் பார்த்தது வேறு குதிரை. அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்களின் சவாரி அது. ஒரு கையில் சுருக்குக் கயிறு இருக்கும். ஆகவே கடிவாளம் மற்றொரு கைக்கு. சேணத்தின் முன்புறம் ஒரு கொம்பு துருத்திக்கொண்டிருக்கும். பிடித்த மாட்டின் கயிற்றை அதிலே சுற்றிக்கொள்வதற்காக. அதற்கென்றே பேர் போன ஜாதி குவார்ட்டர் குதிரை. கால் மைல் ஓட்டத்தில் அதை மிஞ்ச முடியாது என்பதால் அந்தப் பெயர். திடீரென்று பாயவும், சட்டென்று நிற்கவும் பின்தொடைதான் பலம். ரெயினிங் என்ற போட்டியில் ஒவ்வொருவருக்கும் 70 மார்க்கிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. வட்டமடிப்பது, நின்ற இடத்திலேயே சுழல்வது, ஓடிவந்து சறுக்கி நிற்பது ஒவ்வொன்றுக்கும் கூட்டுவார்கள், குறைப்பார்கள். எனக்குப் பிடித்தது பீப்பாய்ப் பந்தயம். மூன்று பீப்பாய்களைச் சுற்றி வில்வ இலை வடிவத்தில் ஓடித் திரும்பவேண்டும். ஒன்றை உருட்டிவிட்டால் 5 வினாடி தண்டனை. அந்நாட்டுத் தொழில்முறைப் பந்தயங்களில் இது பெண்களின் ஆட்டம். நம் பெண்களும் சளைத்தவர்கள் அல்ல. முறை வேறு என்றாலும், 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது, நால்வரில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்ற இருவர் பெண்கள்.

பேசிக்கொண்டே பெரியவர் குதிரையைப் பத்தடி நடத்திக் காட்டினார். நடத்தியவர் சட்டென்று நின்றார். மறுபடி நடத்தினார். இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் குதிரை தலையைத் தூக்கிற்று. வலிக்கிற கால் படும்போது பாரத்தைக் குறைக்கத் தலையைத் தூக்குமாம். குனிந்து குளம்பைத் தொட்டவர், "சூடா இருக்குதும்மா. இன்னிக்கு வேண்டாம்" என்றார்.

பக்கத்தில் காத்திருந்த ஒருவர் இரட்டிப்புப் பணம் தருவதாகச் சொன்னார். சனிக்கிழமை மாலை, அவருக்கு வியாபாரம் நடக்கும் வேளையே அதுதான்.

"உங்க பாப்பாவுக்குக் கால் சுளுக்கினா ஓடச் சொல்வீங்களா, சாமி?" என்று கேட்டுக்கொண்டே பெரியவர் சேணத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

எங்கள் குழந்தையின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கையிலிருந்த பஜ்ஜியைக் குதிரையிடம் நீட்டினாள்.

"அது ஆகாது பாப்பா. வயித்தைக் கெடுத்துடும். புல்லு பறிச்சுட்டு வா."

ஏரிக்கரைப் புல்லை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள். எப்போது சவாரி என்று கேட்டதற்கு, கால் குணமாக நாலைந்து நாள் ஆகும் என்றார் பெரியவர். எங்களுக்கோ மறுநாள் காலை ஏழு மணிக்குச் சேலம் பஸ்.