பலகைகள் சேரும் இடம்

"கேமராவைத் தண்டவாளத்தின் மேலேயே வைத்தாலும் அது பத்தடி உயரத்திலிருந்துதான் பார்க்கும்" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய இரும்பு ஸ்கேலை எடுத்து லென்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். லென்ஸ் குழலின் விட்டம் எட்டு சென்டிமீட்டர். அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மேஜையின் மேல் இருக்கும் ஊரில் எல்லாமே நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு. நான்கு சென்டிமீட்டரை 76-ஆல் பெருக்கினால் மூன்று மீட்டர் வருகிறது.

"பிளாட்பாரத்தில் நிற்கிற ஆளுக்குக் கண் எங்கே இருக்கிறது? இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில். நாம் அவன் தலைக்கு மேலே, ஓட்டுக் கூரையின் விளிம்பில் உட்கார்ந்து பார்க்கிறோம். படத்தைப் பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடுவதற்கு முதல் காரணம் இதுதான்."

பெரிய கேமராவை ஓரமாக வைத்தார். செல்போனை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். மேல் முனையில் இருக்கும் லென்ஸ் இப்போது கீழே வந்துவிட்டது. சிறு மரத்துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து, போனைச் சரக்குக் கொட்டகைக்கு எதிரே நிறுத்தினார். திரையில் ஒரு ஸ்டேஷன் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் கைக்குள் அடங்கும் பச்சை எஞ்சின், திரையில் என்னைவிட உயரமாக நின்றது.

இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், டிட்காட்டுக்கு அருகில் ஒரு கிராமம். அங்கே ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் பின்னறையில் மாதிரி ரயில் கிளப் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பதினோரு ஆண்டுகளாக அவர்கள் கட்டிய லேஅவுட்டை, அந்த மேஜை ஊரை, அன்று மாலை பிரித்துவிடப் போகிறார்கள். கட்டடம் கைமாறிவிட்டது, அவ்வளவு நீளமான வேறு அறை கிடைக்கவில்லை. பிரிப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். நண்பர் ஒருவர் சொல்லி, விளக்குப் பிடிக்க ஓர் ஆளாக நானும் போயிருந்தேன்.

படம் எடுப்பவர் முப்பது ஆண்டுகள் சிக்னல் பெட்டியில் வேலை பார்த்தவர். கைகாட்டி மரங்களை நெம்புகோலால் இழுத்த கைகள், அதனால் விரல்கள் தடித்திருக்கின்றன. அந்த விரல்களால்தான் மில்லிமீட்டர் கணக்கில் கேமராவை நகர்த்துகிறார்.

எனக்கும் சட்டகத்துக்கும் பழைய உறவு உண்டு. சென்னையில் ஒரு வார இதழில் பல ஆண்டுகள் பக்கம் கட்டியிருக்கிறேன். கணினி வருவதற்கு முந்தைய காலம். வந்த படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டி, எங்கே வெட்டவேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு அச்சுக்கு அனுப்புவோம். ஓரத்தில் நிற்கும் யாரோ ஒருவரின் தோள், பாதி மின்கம்பம், காலி வானம் எல்லாம் போய்விடும். தேவையில்லாததை வெட்டு என்பதை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அன்று காலை அந்த அறைக்குள் நுழைந்தபோதும் அப்படித்தான்.

லேஅவுட் ஆறு பலகைகளால் ஆனது. ஒவ்வொன்றும் நான்கடி நீளம், இரண்டடி அகலம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஒரு கிளைப் பாதை வந்து முடியும் சிற்றூர் நிலையம், 1930-களில். ஊர் கற்பனை. ஆனால் ஓடுகளின் நிறம், கைகாட்டியின் வடிவம், பெட்டிகளின் சாக்லெட்டும் க்ரீமுமான வண்ணம் எதுவும் கற்பனை இல்லை. இரண்டடி அகலம் என்றால் அந்த உலகத்தில் நாற்பத்தைந்து மீட்டர் சொச்சம். அதற்கு அப்பால் பூமி முடிந்துவிடுகிறது, வரைந்த வானம் தொடங்குகிறது. படம் எடுப்பவரின் வேலை, அந்த நாற்பத்தைந்து மீட்டருக்குள் ஒரு தேசத்தைக் காட்டுவது.

முதல் பாடம் நேருக்கு நேர் நின்று எடுக்கக் கூடாது என்பது. தண்டவாளத்தின் நடுவே கேமராவை வைத்து, எஞ்சின் நேரே வருவதுபோல எடுக்கலாமே என்று கேட்டேன். சிக்னல்காரர் தலையசைத்து மறுத்தார். பிரிட்டனில் பரவலாகப் புழங்கும் 'டபுள் ஓ' அளவில் ஒரு பழைய கோணல் இருக்கிறது. வண்டிகளும் கட்டடங்களும் அடிக்கு நான்கு மில்லிமீட்டர். நிஜத் தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம். அந்தக் கணக்கில் இங்கே 18.83 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், ஆனால் இருப்பது 16.5. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை, அந்தக் காலத்து மோட்டார் அவற்றின் சிறிய மாதிரிகளுக்குள் அடங்கவில்லை. அதனால் உடலைப் பெரிதாக்கிவிட்டு, பாதையை மட்டும் ஐரோப்பியச் சிறிய அளவிலேயே விட்டுவிட்டார்கள். நிஜக் கணக்கில் ஏழு அங்குலம் ஒடுக்கம். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணுக்குத் தட்டுப்படாது. நேரே பார்த்தால் பெரிய உடலும் ஒட்டிய கால்களுமாக நிற்கும். ஒரு சட்டகத்தின் கோணத்தைப் பல தலைமுறைகளுக்கு முன் எடுத்த முடிவு ஒன்று இன்றும் தீர்மானிக்கிறது என்பதை நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை.

செல்போன் படங்கள் முன்னோட்டத்துக்கு மட்டும்தான். பெரிய அளவில் அச்சிட வேண்டியவற்றைப் பெரிய கேமராவில்தான் எடுத்தார்கள். உயரப் பிரச்சினைக்கு வழி எளிது. கேமராவைப் பலகைக்கு வெளியே, முக்காலியில், அதன் அடிப்பகுதி பலகை விளிம்பைவிடத் தாழும்படி நிறுத்திவிடுவது. இன்னொரு பிரச்சினை கூர்மை. இவ்வளவு பக்கத்தில் வைத்து எடுத்தால் எஞ்சினின் முகம் தெளிவாக இருக்கும், அதன் வால் மங்கிவிடும். அந்த மங்கலும் நம் கண்ணுக்குப் பொம்மை என்று காட்டிக்கொடுக்கும். ஆகவே ஒரே காட்சியை முப்பது முறை எடுக்கிறார்கள். முதல் படத்தில் முன்னால் கிடக்கும் ஜல்லி தெளிவு, கடைசிப் படத்தில் பின்திரையின் மேகம் தெளிவு. முப்பதிலிருந்தும் தெளிவான பகுதிகளை மட்டும் எடுத்து மென்பொருள் ஒன்றாகச் சேர்க்கிறது. இதைக் கவனித்துக்கொண்டவர் கிளப்பிலேயே வயதில் சிறியவரான ஓர் இளைஞர், பகலில் மருந்துக் கிடங்கில் வேலை செய்பவர்.

"ஓரத்தில் இடம் விடுங்கள், இன்னும் விடுங்கள்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். குவியம் நகரும்போது காட்சியின் அளவும் இம்மி மாறுகிறது. முப்பதையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் நான்கு ஓரங்களும் பிசிறடித்துவிடும். அந்தப் பிசிறை வெட்டியே ஆகவேண்டும் என்பதால் வெட்டுவதற்கென்றே சுற்றிலும் இடம் விட்டு எடுக்கிறார்கள், தையற்காரர் தையலுக்குத் துணி விடுவதுபோல. முப்பது படம் முடியும்வரை அறையில் யாரும் நடக்கக் கூடாது. மரத்தரை அசைந்தால் மரங்கள் ஆடும். ஒன்பது பெரியவர்கள் தேநீர்க் கோப்பைகளோடு அசையாமல் நின்ற அந்த நிமிடங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

விளக்கு என் பொறுப்பு. ஒரே ஒரு விளக்குதான். சூரியன் ஒன்றுதானே. இரண்டு விளக்கு வைத்தால் ஒரு கம்பத்துக்கு இரண்டு நிழல் விழும். ஆனால் ஒற்றை விளக்கிலும் ஒரு சிக்கல் வந்தது. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் எல்லா நிழலும் இணையாக விழுகின்றன. ஆறடித் தூரத்து விளக்கில் தந்திக் கம்பங்களின் நிழல்கள் விசிறிபோல விரிந்துவிட்டன. விளக்கைச் சுவர்வரை பின்னே கொண்டுபோனேன். கொஞ்சம் சரியானது, முழுக்க இல்லை. கடைசியில் ஐந்து கம்பங்களில் மூன்றை வெட்டி எறிந்து, இரண்டு மட்டும் தெரியும்படி சட்டகத்தைச் சுருக்கினார் சிக்னல்காரர். இரண்டு நிழலை வைத்து யாரும் கோணம் பார்க்கமாட்டார்கள். சரியான முடிவு அது.

பின்திரையை வரைந்தவர் அறுபது தாண்டிய ஒரு பெண்மணி, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கேமரா தாழ்ந்ததில் அவருக்குத்தான் வருத்தம். கண்காட்சியில் நின்றபடி பார்ப்பவரின் கண்ணுக்கேற்ப அவர் அடிவானத்தை வரைந்திருக்கிறார். பார்வை எங்கே இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் அடிவானமும் இருக்கவேண்டும். கேமரா தண்டவாள மட்டத்துக்கு இறங்கியதும் அவருடைய மெல்லிய சுண்ணாம்புக் குன்றுகள் மலைத்தொடராக எழும்பி நின்றன. "இந்த மாவட்டத்தில் இவ்வளவு உயரமான மலை ஏது?" என்றார். இளைஞர் மேல்பகுதியை வெட்டிவிடலாம் என்றார். "வெட்டினால் வானமே இருக்காது, அறைக்குள் எடுத்ததுபோல ஆகிவிடும்" என்றார் ஆசிரியை. கால் மணி நேரம் விவாதம் நடந்தது. பிறகு அவரே போய் இரண்டு எல்ம் மரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, குன்று உயர்ந்து தெரிந்த இடத்தில் நட்டார். மலை மறைந்தது, வானம் மிஞ்சியது. சட்டகத்தைத் தொடாமலே அதைச் சரிசெய்ய முடியும் என்று காட்டிவிட்டார்.

மதியம் ஒரு சின்ன பிரிண்டரில் சோதனைப் படங்களை அச்சிட்டார்கள். சிக்னல்காரர் பையிலிருந்து இரண்டு கறுப்பு அட்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றும் 'ட' எழுத்துபோல வெட்டப்பட்டது. இரண்டையும் எதிரெதிராக வைத்தால் ஒரு சன்னல். படத்தின் மேல் அந்தச் சன்னலைச் சுருக்கியும் விரித்தும் எங்கே நிற்கவேண்டும் என்று தேடினார். எங்கள் அலுவலகத்திலும் இதே அட்டைகள் இருந்தன. கேட்காமலே கையை நீட்டினேன், கொடுத்துவிட்டார்.

பிளாட்பாரத்தில் நிற்கும் வண்டிக்கு இரண்டே பெட்டிகள். இரண்டாவது பெட்டியின் பாதியில் வெட்டினேன். அங்கேயே வண்டி நீண்டுவிட்டது. சட்டகத்துக்கு வெளியே இன்னும் நான்கு பெட்டி இருப்பதாக நம் மனமே கட்டிக்கொள்கிறது. அடுத்த படத்தில் வலது ஓரத்தில் யாருடைய முழங்கையோ வந்திருந்தது, நீலக் கம்பளிச் சட்டை. அதையும் மூடினேன். பலகைகள் சேரும் இடத்தில் புல்வெளியை அறுத்துக்கொண்டு ஒரு கோடு ஓடும். லேஅவுட் முழுக்க அப்படி ஐந்து மூட்டுகள். காலையிலிருந்து அவற்றில் ஒன்றுகூட விழாமல்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு படத்தில் தப்பி விழுந்திருந்தது, அதையும் அட்டையால் மறைத்தேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது.

"நன்றாக வெட்டுகிறீர்கள்" என்றார் சிக்னல்காரர். "ஜான் ஆலனைத் தெரியுமா?"

தெரியும், படித்திருக்கிறேன். கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரத்துக்காரர். தொழில்முறைப் புகைப்படக்காரர். தன் வீட்டின் கீழ்த்தளத்தில் தரையிலிருந்து கூரைவரை மலைகளும் பாலங்களுமாக ஒரு லேஅவுட்டைக் கட்டினார். இடம் பெரிதாகத் தெரியக் கண்ணாடிகளைப் பதித்தார். ஊசித்துளை அளவு திறப்பில், நீண்ட நேரம் ஒளி காட்டி அவர் எடுத்த படங்கள் அமெரிக்காவில் இந்தக் கலையையே மாற்றின. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களுக்குள் அந்த லேஅவுட் தீயில் அழிந்தது.

"இன்று நாம் அதைப் பார்ப்பது பெரும்பாலும் படங்களில்தான். அழகாக வெட்டிய படத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பாதை எந்தச் சுவர் ஓரமாக எப்படி வளைந்தது என்று தெரியாது." அட்டைகளை என் கையிலிருந்து மெல்ல வாங்கி மேஜையில் வைத்தார். "நான் கட்டியது நாளைக்கு இருக்காது. முழங்கையையும் மூட்டையும் வெட்டிவிட்டால் இதைக் கட்டினது யார், எப்படி என்பதும் இருக்காது."

அதற்கு முந்தைய வாரம்தான் பக்கத்தில் லாங் விட்டன்ஹாம் கிராமத்திலுள்ள பென்டன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அதை நிறுவிய ராய் இங்கிலாண்ட் 1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரை வீடுகள் உருமாறுவதைப் பார்த்துத் துயருற்று, அவற்றை அளந்து, குறித்து, அட்டையில் மாதிரிகளாகக் கட்டத் தொடங்கினார். அழிந்துகொண்டிருந்த ஒன்றைக் காப்பாற்றத்தான் அந்த இடம் முழுக்க உருவாயிற்று. ஜான் அஹெர்ன் கட்டிய மேடர் வேலி ரயில்பாதையும் இப்போது அங்கேதான் இருக்கிறது. ரயிலைச் சுற்றி ஒரு முழு நிலப்பரப்பையே கட்டிய முன்னோடிகளில் ஒருவர் அவர். கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று அவருடைய குறுகலான துறைமுகத் தெருவைப் பார்த்தபோது, அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்றுதான் மனம் தேடியது. பொம்மை என்று தெரிந்ததால் அதன் மீதிருந்த மதிப்புக் குறையவில்லை. இத்தனையும் தெரிந்திருந்தும் அட்டைகள் கிடைத்ததும் கை பழைய வழியில் போய்விட்டது.

பிற்பகல் முழுக்க வேறுவகைப் படங்கள். அகலமான லென்ஸ், தோள் உயரம், வெட்டுவதில்லை. பலகையின் மர விளிம்பு, கீழே தொங்கும் சிவப்புக் கறுப்பு ஒயர்கள், சுவிட்சுகளுக்கு மேல் பேனாவால் எழுதிய எண்கள், சுவரில் தொங்கும் பள்ளிக்கூடக் கடிகாரம் எல்லாம் வந்தன. ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் அதில் உழைத்தவர்களை நிற்கவைத்து எடுத்தார் சிக்னல்காரர். சரக்குக் கொட்டகையைக் கட்டியவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனார். அந்தப் பலகைக்குப் பின்னால் அவர் மனைவி வந்து நின்றார். நீலக் கம்பளிச் சட்டைக்காரர், தான் வந்த படத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

நான்கரை மணிக்கு வெளியே இருட்டிவிட்டது. ஓர் ஆள் மேஜைக்கு அடியில் படுத்து போல்ட்டுகளைக் கழற்றினார். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். காலை முழுக்க நாங்கள் சட்டகத்துக்குள் விடாமல் காத்த அந்தக் கோடு மெதுவாக அகன்றது. புல் பிய்ந்தது. தண்டவாளம் சுத்தமாக விலகியது. கொஞ்சம் ஜல்லி தரையில் கொட்டியது. விளக்கை மூட்டுக்கு நேரே கொண்டுவரச் சொன்னார் சிக்னல்காரர். கொண்டுபோனேன். முக்காலி இல்லாமல், கையில் பிடித்தே மூன்று படம் எடுத்தார்.

ஆசிரியைப் பெண்மணி தூரிகையால் ஜல்லியைக் கூட்டி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார்.