நிழலில் நின்று கேட்ட வரலாறு

தஞ்சாவூரில் யாரைக் கேட்டாலும் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள். ஆட்டோக்காரர் சொல்வார், பள்ளிக்கூட வாத்தியார் சொல்வார், கோயில் வாசலில் விற்கும் சிறு புத்தகமும் சொல்லும். நூலகத்தில் தடிமனான புத்தகங்களைப் பிரித்தால் ஒன்றில் 190 சொச்சம், ஒன்றில் 208, இன்னொன்றில் 60 மீட்டர். தரையிலிருந்து அளந்ததா, பீடத்திலிருந்தா, கலசத்தையும் சேர்த்தா என்று பெரும்பாலும் சொல்லியிருக்காது. கோயில் ஒன்றுதான். ஆயிரம் வருஷமாக அது அங்கேயேதான் நிற்கிறது.

இந்தக் கணக்குகளோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது ஓர் அச்சகத்தில். எண்பதுகளில் நான் அங்கே புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, நன்கொடை ரசீது, நோட்டீஸ் என்று வருஷம் முழுக்க ஓடும் வேலைக்கு நடுவே, ஐப்பசி சதயவிழா நெருங்கினால் கோயில் புத்தகங்கள் வரிசையாக வந்துவிடும். முப்பத்திரண்டு பக்கம், இரண்டு ஃபாரம், வண்ண அட்டை, நடுவில் இரண்டு பின். ஆசிரியர்கள் கொண்டுவரும் மேட்டர் பெரும்பாலும் கையெழுத்துப் பிரதியாக இருக்காது. முந்தைய வருஷம் வேறொருவர் போட்ட புத்தகத்தின் அட்டையைக் கிழித்துவிட்டு, ஓரத்தில் பேனாவால் நாலு வரி சேர்த்து, முன்னுரையை மட்டும் புதிதாக எழுதிக் கொடுப்பார்கள். முன்னுரையில் ‘பல்லாண்டு ஆய்வின் பயன்’ என்று தவறாமல் இருக்கும்.

கோயிலைக் கட்டிய ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்க ஒரு செப்புக்குடம் கொடுத்தான். குடத்தின் எடை 3083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு என்று கல்வெட்டு சொல்கிறது. ஒரு வருஷம் வந்த மேட்டரில் குடம் 3038 பலமாக இருந்தது. சந்தேகம் வந்து அச்சகத்தின் பரணில் கிடந்த பழைய பிரதிகளை இறக்கிப் பார்த்தேன். மூன்று ஆசிரியர்கள், மூன்று பதிப்பாளர்கள், மூன்றிலும் 3038. மூன்று பேரும் தனித்தனியாகக் கல்வெட்டைப் பார்த்திருந்தால் எட்டும் மூன்றும் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி இடம் மாறியிருக்காது. எவனோ ஒரு கம்பாசிடர், சோறு தின்கிற அவசரத்தில் கோத்த ஒரு தவறு வம்சம் வளர்த்துக்கொண்டிருந்தது. முதலாளியிடம் சொன்னேன். “குடத்தை இறக்கி எடை போட்டுப் பாக்கப் போறாங்களா? ஃபாரத்தை ஏத்தச் சொல்லுங்க” என்றார்.

பத்துப் புத்தகம் ஒரே மாதிரி சொல்கிறது என்று யாராவது வாதாடினால் எனக்கு அந்த 3038தான் ஞாபகம் வரும். பத்தும் ஒருவர் வாய்ச்சொல்லாக இருக்கலாம். சரியான தகவலை எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள், அதை வைத்து யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று பிடிக்க முடியாது. தவறுதான் காட்டிக் கொடுக்கும்.

இப்போது அச்சகமே தேவையில்லை. உயிர்மெய் எழுத்து 216, ஆகவே விமானம் 216 அடி. உயிர் 12, ஆகவே லிங்கம் 12 அடி. மெய் 18, ஆகவே பீடம் 18 அடி. மொத்தம் 247, ஆகவே லிங்கத்துக்கும் நந்திக்கும் 247 அடி. வாட்ஸப்பில் வருஷத்துக்கு நாலு முறையாவது இது என்னிடம் வந்து சேரும், அனுப்புகிறவர்கள் படித்தவர்கள். ராஜராஜனுக்கு இங்கிலீஷ்காரனுடைய அடி எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. அவன் கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகளின் உயரம் எல்லாம் கல்வெட்டில் முழம், விரல், தோரை என்றுதான் அளந்து எழுதப்பட்டிருக்கிறது. அதற்கென்று கோயிலிலேயே ஒரு முழக்கோல் இருந்தது. தவிர, இப்போது இருக்கும் பெரிய நந்தி அவன் வைத்தது அல்ல. அது நாயக்கர் காலத்தது. பழைய நந்தி தெற்குத் திருச்சுற்று மாளிகைப் பக்கம் ஒதுங்கி இருக்கிறது. எந்த நந்தியிலிருந்து 247 அடி?

சிறு புத்தகங்களைச் சொல்லிவிட்டுப் பெரிய புத்தகங்களை விட்டுவிட்டால் நியாயமில்லை. இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதிலேயே பெரிய புத்தகங்கள் சறுக்கியிருக்கின்றன. வடமொழியில் உள்ள பிருகதீஸ்வர மாகாத்மியம் கரிகாலன் என்றது. சிவகங்கைக் குளத்தில் முழுகி நோய் தீர்ந்த கதை அதில் வரும். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் ஐயர் காஞ்சியை ஆண்ட காடுவெட்டிச் சோழன் என்று எழுதினார். இந்தியக் கட்டடக் கலைக்கு வரலாறு எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876இல் வெளியிட்ட புத்தகத்தில் பெரிய கோயிலை 14ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய்விட்டார். முந்நூறு வருஷம் தள்ளி! அவர் சாதாரண ஆளில்லை. தூணையும் பொதிகையையும் பார்த்துக் காலம் சொல்வதில் அன்றைக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை. சுவர் நிறைய எழுத்து இருந்தது, அவருக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக ஜெர்மானியர் ஹூல்ஷ் வந்தார். படியெடுத்தார்கள், படித்தார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதல் பகுதி 1891இல் வெளியானது. வெங்கையா அந்த வேலையைத் தொடர்ந்தார். தான் எடுப்பித்த கற்றளிக்குத் தானும் அக்கனும் தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவற்றைக் கல்லிலே வெட்டச் சொல்லி ராஜராஜனே உத்தரவு போட்டிருக்கிறான். அது விமானத்தின் அதிட்டானத்திலேயே, நின்றபடி படிக்கிற உயரத்தில், ஊரார் கண் முன்னாலேயே இருந்தது. இன்றும் இருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் அதன்மேல் பையைச் சாய்த்துவைத்துத் தண்ணீர் குடிக்கிறார்கள். விரல் நுனி அளவு எழுத்து, ஒன்றோடொன்று இடிக்காமல், வரி கோணாமல், கல்லின் முண்டிலும் மடிப்பிலும் புகுந்து போகிறது. புரூஃப் பார்த்த கண்ணுக்கு அதைப் பார்த்தால் பொறாமைதான் வரும்.

நூலகத்தில் அந்தத் தொகுதியை முதலில் எடுத்து வைத்துக்கொண்டபோது எனக்குப் பிடித்தது அதன் தயக்கம். கல் பொரிந்து எழுத்து போன இடத்தில் பதிப்பாசிரியர் புள்ளி வைத்திருப்பார். தான் ஊகித்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுவார். இன்ன சுவரில், இன்ன இடத்தில் உள்ளது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுவார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய்ச் சுவரோடு ஒத்துப் பார்க்கலாம், அவர் தப்பென்றால் அங்கேயே பிடித்துவிடலாம். இப்படித் தன்னைப் பிடிக்க வழி சொல்லிக்கொடுக்கிற புத்தகத்தைத்தான் நான் நம்ப ஆரம்பித்தேன். அட்டையில் முனைவர் பட்டம் இருக்கிறதா, எத்தனை பதிப்பு வந்தது என்பதெல்லாம் அப்புறம்.

அதே தொகுதியில் தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஆடவும் பாடவும் சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 பெண்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அவள் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பங்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். தஞ்சாவூருக்கு இதைவிட நல்ல ஊர் வழிகாட்டி இன்றுவரை யாரும் போடவில்லை. நகராட்சிக் கதவு எண்ணை நம்பி எங்கள் தெருவுக்கு வந்த கூரியர் பையன் அலைந்த அலைச்சலை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் வழிகாட்டி என்றதும் லாட்ஜ்களில் வெள்ளைக்காரப் பயணிகள் விட்டுப்போகும் புத்தகங்கள் ஞாபகம் வருகின்றன. பழைய புத்தகக் கடைக்கு அவை வந்து சேரும்போது பாதி இருக்காது. சுமை குறைய வடநாட்டுப் பக்கங்களைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். தஞ்சாவூருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தால் அதிகம். அதில் பஸ் நேரம் அடுத்த வருஷமே செல்லாது, ரூம் வாடகை ஆறு மாதத்தில் செல்லாது. ஆனால் இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், எந்த முக்கில் எந்த ஓட்டல் இருந்தது, சாப்பாடு என்ன விலை என்று அதுதான் சொல்கிறது; எந்த ஆய்வு நூலும் சொல்வதில்லை. கோயில் நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று நீலகண்ட சாஸ்திரியாரின் ‘சோழர்கள்’ இரண்டு பாகத்தையும் புரட்டினாலும் கிடைக்காது. அவர் அதை எழுதவும் வேண்டியதில்லை. கேள்விக்குத் தகுந்த புத்தகம் என்று ஒன்று இருக்கிறது.

அப்புறம் அந்த நிழல். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது 216ஐவிடப் பிரபலம். ஒரு மார்கழி மாதம், வெயில் ஏறிய நேரம். வெறுங்காலோடு முற்றத்துக் கல்லில் நிற்க முடியவில்லை. சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கம் ஒதுங்கினேன். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம், ஏதோ வேன் பிடித்து வந்த கிராமத்து ஜனங்கள். நடுவில் கைடு நின்று, “ராஜராஜன் எப்பேர்ப்பட்ட இன்ஜினீயர் பாருங்க, இந்தக் கோபுரத்து நிழல் கீழயே விழாது” என்றார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரு கிழவி மட்டும் குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு, “அப்ப நாம எதுல தம்பி நிக்கிறோம்?” என்று கேட்டாள். கைடு அசரவில்லை. “அது மதில் நிழல் பாட்டி” என்றார். வடக்கு மதிலின் நிழல் மார்கழி உச்சியில் தெற்கே திரும்பி வருமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. பிழைப்பு.

ஆனால் முழுப் பொய்யும் இல்லை. அடிப்பக்கம் ஏறக்குறைய 100 அடிச் சதுரம், உயரம் 200 அடியை ஒட்டி. இப்படி ஒடுங்கி ஏறுகிற கட்டடத்தில், பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை உச்சிவேளையில் சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போது கலசத்தின் நிழல் அடித்தளத்தைத் தாண்டாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் அது வடக்கே நீண்டு விழும். ‘கோடையில், உச்சிவேளையில், கலசத்தின் நிழல்’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். முதலில் கோடை உதிர்ந்திருக்கும், அப்புறம் உச்சிவேளை, கடைசியில் கலசம்.

அந்த கைடை அதற்குப் பிறகும் அடிக்கடி பார்ப்பேன். பொன்னியின் செல்வன் சினிமா 2022இல் வந்தபிறகு அவர் காட்டில் மழை. ஒரு நாள் கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் அவரை மடக்கிக்கொண்டிருந்தார்: வந்தியத்தேவன் கல்கி கற்பனை செய்த பாத்திரம், இந்தக் கோயிலில் அவனுக்கு என்ன வேலை என்று. கைடு, “கல்வெட்டுல பேர் இருக்கு சார்” என்றார். இளைஞர் சிரித்தார். ஆனால் இருக்கிறது. ராஜராஜனின் அக்கன் குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று கல்வெட்டு குறிக்கிறது. கல்கியின் நந்தினிதான் இல்லை. ஒருவர் ஒரு விஷயத்தில் அளந்துவிட்டார் என்பதற்காக அடுத்ததையும் தள்ளிவிட முடியாது; சங்கடமான வேலைதான் இது.

பெரியவர்களிடமும் அப்படித்தான். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு ஒன்றுதான். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் இருக்கின்றன, அவர்களுடைய சொத்து பறிமுதலானது தெரிகிறது. அதை வைத்து நீலகண்ட சாஸ்திரியார், ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இரண்டு பேரும் கல்வெட்டு எங்கே முடிகிறது, தங்கள் ஊகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்படி எழுதியிருக்கிறார்கள். அதனால் இரண்டையும் படிக்கலாம், சண்டையும் போடலாம். பின்னால் வந்த வெகுஜனப் புத்தகங்களில் அந்த எல்லைக்கோடு அழிந்து, ‘உத்தம சோழன் கொன்றான்’ என்று ஒரே போடாகப் போட்டிருக்கும்.

உச்சிக் கல்லும் அதே ரகம். 80 டன், ஒரே கல், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி யானை இழுத்து ஏற்றியது என்று நாங்கள் அச்சடித்த எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அது ஒரே கல் இல்லை, பல கற்களை இணைத்தது என்று குடவாயில் பாலசுப்ரமணியன் எழுதினார். எனக்குத் தெரிந்த சிலருக்கு அவர்மேல் கோபம். ஒரே கல்லாக இருந்தால்தான் பெருமையாம். துண்டு துண்டாகச் செதுக்கி, அவ்வளவு உயரத்தில், கீழே நின்று பார்க்கிறவனுக்கு இணைப்பே தெரியாமல் பொருத்தியவனுடைய கெட்டிக்காரத்தனம் அவர்கள் கணக்கில் வரவில்லை.

புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘எங்கே?’ என்று எழுதுவது என் பழக்கம். ஆதாரம் சொல்லாத இடங்களில் மட்டும். வீடு மாறியபோது இரண்டு சாக்கு நிறையப் பழைய புத்தகக் கடையில் போட்டேன். கடைக்காரர், “கிறுக்கல் இருக்கு சார், பாதி விலைதான்” என்றார். கொஞ்ச நாளில் ஒரு பெண், ஆராய்ச்சி மாணவி, கடைக்காரரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். விமானத்தின் வடபுறத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரன் உருவம் ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் பற்றிய பத்திக்கு நேரே நான் ‘எங்கே?’ போட்டிருந்தேன். வெள்ளையர் வருவார்கள் என்று ராஜராஜனுக்கு முன்பே தெரியும் என்பார் ஒருவர். 1620இல் தரங்கம்பாடிக்காக ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்த டேனிஷ்காரர்களில் ஒருவர் என்பார் இன்னொருவர். மராத்தியர் காலச் சுதை வேலை என்பார் மூன்றாமவர்.

“டேனிஷ்காரர்னு இன்னும் நாலு புத்தகத்துல இருக்கு ஐயா” என்று பையிலிருந்து எடுத்து அடுக்கினாள். பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தோம். நாலிலும் ஒரே வாக்கியம், காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. அவளுக்கு 3038 கதையைச் சொன்னேன். சிரித்தாள், ஆனால் விடவில்லை. திருப்பணிக் கணக்கு எங்காவது இருக்குமா என்று கேட்டாள். மராத்தியர் அரண்மனைக் கணக்குகள் சரஸ்வதி மகாலில் மூட்டை மூட்டையாக இருக்கின்றன, எல்லாம் மோடி எழுத்தில் என்றேன். போன வாரம் பார்த்தபோது நோட்டுப் புத்தகம் நிறைய மோடி எழுத்து எழுதிப் பழகியிருந்தாள். ‘க’ இன்னும் சரியாக வரவில்லை என்றாள்.